வலுசர்ப்பத்தோடு பேசியவர்: ரோக் தீவுப் பள்ளியும் அதன் தலைவரும்

மந்திர வித்தை பயிற்றும் பள்ளியொன்றைப் பற்றிய கதைநூல்களை நம் இதழில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது வாசகர் சிலர்க்கு வியப்பளிக்கலாம். உபாகமம் 18ஆம் அதிகாரத்தின் கடுமையான தடையையும், எபேசு நகரில் மாயவித்தை நூல்கள் தீக்கிரையான செய்தியை அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம் கூறுவதையும் அறிந்த திருப்பணியாளர்க்கு இத்தகைய கதைகள்மீது ஐயம் எழுவது இயல்பே. எனினும் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், தம் சபையின் இளைஞர் இவற்றையே விரும்பிப் படிக்கின்றனர் என்றும், அவற்றை விலக்குவதா, தாமும் படிப்பதா என்றும் கேட்டபோது, படித்த பின்னர் தீர்மானிக்கலாம் என்றே விடை கூறினோம். கூறிய பின் நாமும் படிக்க வேண்டியதாயிற்று. படித்தவற்றுள் பலவற்றை மறந்துவிட்டோம். மறக்க இயலாதவை உர்சுலா கே. லெ குவின் எழுதிய எர்த்ஸீ நூல்கள். ஆசிரியப் பணியில் இருப்போரும் அதற்கென ஆயத்தப்படுவோரும் அவற்றை ஒருமுறையேனும் படித்தல் நன்று என்பதும், ஆயினும் அவற்றின் முடிவை அப்படியே ஏற்றல் இயலாது என்பதும் நம் கருத்து.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இக்கதைகளில் வரும் டிராகன் என்னும் உயிரைத் தமிழில் எவ்வாறு அழைப்பது? வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தைப் படித்து வளர்ந்த நமக்கு உடனே நாவில் வருவது வலுசர்ப்பம் என்னும் சொல். அச்சொல்லை எடுத்தாண்ட அளவிலேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. சாத்தானுக்கு இட்ட பெயரன்றோ அது! ஆனால் எபிரேய மூலத்தில் தன்னீன் என்னும் ஒரே சொல், நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் 1:21இல் மகா மச்சங்கள் என்றும், யாத்திராகமம் 7ஆம் அதிகாரத்தில் ஆரோனின் கோல் மாறியபோது சர்ப்பம் என்றும், ஏசாயா 27:1இல் வலுசர்ப்பம் என்றும் வருவது நோக்கற்பாலது. கடவுள் படைத்து நல்லதெனக் கண்டதும், கடவுளின் வாளால் மடிவதும் ஒரே பெயருடையன. மொழிபெயர்த்தோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று; இடமறிந்து சொல்லை மாற்றினர். ஆயினும் அதனால் நமக்கு மறைந்துபோன ஒன்றை இந்த அமெரிக்கப் பெண் எழுத்தாளர் நினைவூட்டுகிறார். அவருடைய டிராகன்கள் தீமையின் உருவங்களல்ல. மனிதனால் ஆளப்படாத பெரும் படைப்புகள் அவை. ஆதலின் இக்கட்டுரையில் டிராகன் என்னும் சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.

மந்திரவாதி என்னும் சொல்லும் அவ்வாறே. நம் ஊர்களில் அச்சொல் தாயத்துக் கட்டுபவனையும் செய்வினை எடுப்பவனையும் குறிக்கும். லெ குவின் காட்டுவோர் பல்லாண்டுகள் பள்ளியில் பயின்று கைக்கோல் பெற்றவர்கள். அவர்களை வித்தகர் என்றும், பள்ளியின் தலைவரைத் தலைமை வித்தகர் என்றும் அழைப்போம்.

லெ குவின் 1929இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்தார். 2018இல் ஆரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் மறைந்தார். தந்தை ஆல்பிரட் குரோபர் பேர்பெற்ற மானிடவியல் அறிஞர். தாய் தியோடோரா குரோபர், தன் இனத்தாரனைவரையும் இழந்து தனித்து எஞ்சிய இஷி என்னும் அமெரிக்கப் பழங்குடி மனிதரின் வரலாற்றை 1961இல் நூலாக எழுதியவர். தன் மெய்ப்பெயரைப் பிறர்க்குச் சொல்லாமலே மறைந்த மனிதர் இஷி; அப்பெயருக்கு மனிதன் என்பதே பொருள். பெயரின் மறைபொருள் பற்றிய கதைகளை எழுதியவர் இக்குடும்பத்தில் தோன்றியது தற்செயல் எனக் கொள்ள நமக்கு மனமில்லை. லெ குவின் கிறிஸ்தவரல்லர். சீன ஞானியாகிய லாவோ சுவின் நூலே அவர் வாழ்நாள் முழுதும் போற்றியது; அதற்கு ஆங்கில வடிவமொன்றையும் 1997இல் வெளியிட்டார். இதனை முன்கூட்டியே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. எக்கதையிலும் கிறிஸ்துவின் சாயலைத் தேடிப்பிடித்து ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்கு எடுத்துக்காட்டாக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட நார்னியா கதைகள் அதற்கு இடங்கொடுப்பன. அங்கே யூஸ்டஸ் என்னும் சிறுவன் பேராசையால் டிராகனாக மாறுகிறான். அவன் தோலை உரித்தெடுப்பது சிங்கமாகிய அஸ்லான். ஈண்டு டிராகன் என்பது பாவமே. லெ குவினிடம் அவ்வாறு எளிதாகப் பொருள்கொள்ள இயலாது.

எர்த்ஸீ என்பது கடலும் தீவுகளுமாய் அமைந்த கற்பனை உலகம். அதன் நடுவே ரோக் தீவு, அத்தீவிலே பள்ளி. பள்ளியில் ஒன்பது ஆசான்கள் உளர். காற்றை ஆள்பவர், மூலிகை அறிந்தவர், உருமாற்றம் கற்பிப்பவர், இறந்தோரையும் அழைக்க வல்லவர், பாடல்களைக் காப்பவர், தோப்பிலிருந்து பொருள் காண்பவர் என ஒவ்வொருவர்க்கும் ஒரு துறை. அவர்களுள் நம் மனத்தைக் கவர்பவர் பெயர்களைக் கற்பிக்கும் ஆசான். தீவின் வடகோடியில் தனிக் கோபுரம் ஒன்றில் அவர் வாழ்கிறார். மாணவர் அங்கே சென்று, ஒவ்வொரு முனைக்கும் மலைக்கும் மீனுக்கும் உள்ள மெய்ப்பெயர்களை நாள்தோறும் பட்டியலாக எழுதி மனனம் செய்யவேண்டும். நள்ளிரவில் எழுத்துகள் மறைந்துவிடும். எபிரேய வினைத்திரிபுகளை இரவெல்லாம் உருப்போட்டு மறுநாட்காலையில் மறந்துபோன நம் மாணவர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. வித்தையின் பெரும்பகுதி இத்தகைய உழைப்பே என்று காட்டியது ஆசிரியரின் சிறப்பு. பின்வந்த மந்திரப்பள்ளிக் கதைகள் பலவற்றில் இவ்வுழைப்பின் நெடியே இல்லை.

அப்பெயர்கள் படைப்பு மொழியைச் சார்ந்தவை. கடலினின்று தீவுகளை எழுப்பிய முதற்சொற்கள் அவை. மனிதர் அம்மொழியைப் பயின்றே பேசவேண்டும். டிராகன்களுக்கு அது தாய்மொழி. ஆகவே ரோக் தீவில் எவர் எவ்வளவு கற்றாலும், அவர் கற்றதை இயல்பாகவே பேசும் உயிர் ஒன்று மேற்குக் கடலுக்கு அப்பால் இருந்துகொண்டேயிருக்கிறது. பள்ளியின் அறிவுக்கு எல்லை அங்கே வரையப்பட்டுள்ளது.

1968இல் வெளிவந்த முதல் நூல், கெட் என்னும் ஆட்டிடைச் சிறுவன் அப்பள்ளிக்கு வந்து சேர்ந்த கதை. அவன் செம்பழுப்பு நிறத்தான். அத்தீவுகளின் மாந்தருட் பெரும்பாலோர் கருமை அல்லது பழுப்பு நிறத்தவர். கொள்ளையிட வரும் கார்க் நாட்டாரே வெண்ணிறத்தார். 1968இல் இளையோர்க்கான அமெரிக்கக் கதைநூலில் இவ்வாறு எழுதியது துணிவான செயல். பதிப்பாளர் பலர் அட்டைப் படங்களில் அவனை வெளுத்துக் காட்டினர். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடரும் அதையே செய்தது. ஆசிரியர் அதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

கெட்டின் வீழ்ச்சி செருக்கினால் வந்தது. ஜாஸ்பர் என்னும் உயர்குடி மாணவன் இகழ்ந்ததைப் பொறாமல், இறந்துபோன அரசி ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவின் வழியே பெயரற்ற நிழலொன்று வெளிப்பட்டு அவன் முகத்தைக் கிழிக்கிறது. அப்பிளவை மூடுவதில் தலைமை வித்தகர் நெம்மர்லே தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு இறக்கிறார். ஒரு மாணவனின் வீம்புக்குப் பள்ளித் தலைவர் உயிர் கொடுக்கிறார். நூலாசிரியர் அதைப்பற்றி ஒரு புகழ்மொழியும் சேர்ப்பதில்லை. நாம் மீண்டும் மீண்டும் படித்த பக்கங்கள் இவை.

பின்னர் பள்ளியைவிட்டு வெளியேறும் நாளில் கெட்டுக்கு இறுதித் தேர்வு. வாயிற்காவலரும் ஓர் ஆசானே. அவருடைய பெயரைக் கண்டறிந்து கூறினாலன்றி வெளியே போக விடமாட்டார். பன்னாள் கற்ற வித்தைகளுள் எதுவும் அதற்கு உதவாது என்பதை நெடுநேரம் எண்ணியபின் உணர்கிறான். முடிவில் அவரிடமே சென்று பெயரைக் கேட்கிறான், அவர் சொல்லிவிடுகிறார். கேட்கத் துணிவதே தேர்வு. நம் கல்லூரிகளின் வினாத்தாள்களைத் தயாரிப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இனி டிராகனிடம் வருவோம். கெட் முதற் பணிபுரிந்த சிறு தீவுகளுக்கு அண்டையில் பெண்டோர் என்னும் பாழ்ந்த தீவு. அங்கே ஒரு முதிய டிராகனும் அதன் குட்டிகளும். மீனவர்கள் அஞ்சி வாழ்கின்றனர். கெட் தனியே படகில் சென்று குட்டிகள் சிலவற்றைக் கொல்கிறான். பெரிய டிராகன் வரும்போதோ பழைய வரலாறுகளைப் படித்து ஊகித்த பெயர் ஒன்றே அவன் படைக்கலம். யெவாட் என்று அவன் அழைத்ததும் அது அசைவற்று நிற்கிறது. அப்போது அது ஆசைகாட்டுகிறது: அவனைத் துரத்தும் நிழலின் பெயரைத் தான் சொல்ல முடியும் என்கிறது. தன் உயிரைக் காக்கக்கூடிய அந்த ஒரு செய்தியை விட்டுவிட்டு, தீவினரை அது இனி நெருங்கலாகாது என்னும் உறுதியையே கெட் கேட்டுப் பெறுகிறான். ஓர் ஊருக்கு அனுப்பப்பட்ட ஊழியன், தன் சொந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு வந்தபோது ஊராரின் காரியத்தை முன்வைத்தான். அவனை நாம் மதிக்கத் தொடங்கியது இவ்விடத்தில்தான்.

இதனால் அவனுக்கு டிராகன் தலைவன் என்னும் பெயர் வாய்க்கிறது. 1971இல் வெளிவந்த இரண்டாம் நூலில், டெனார் என்னும் இளம் பூசாரிப் பெண் அப்பட்டத்தின் பொருளைக் கேட்கிறாள். அவன் தரும் விளக்கம் நம் கட்டுரைக்கு ஆணிவேர். டிராகன்களுக்கு எசமானர் எவருமில்லை; டிராகன் யாரைத் தின்றுவிடாமல் உரையாடச் சம்மதிக்கிறதோ அவனுக்கே அப்பெயர் வழங்கும். அடக்கியவன் என்பது அதன் பொருளன்று. யோபு 41ஆம் அதிகாரத்தில் லிவியாதானைப் பற்றிக் கடவுள் யோபுவிடம் கேட்கும் கேள்விகளை ஈண்டு நினைவுகூரலாம். அது உன்னிடம் இன்சொல் பேசுமோ, உன்னோடு உடன்படிக்கை செய்யுமோ, உனக்கு அடிமையாகுமோ என்பன அக்கேள்விகள். யோபுவிடம் விடையில்லை. கெட்டுக்கு முதலிரண்டிற்கு ஓரளவும், மூன்றாவதற்குச் சிறிதும் இல்லாத ஒரு விடை கிட்டியது எனலாம். லெ குவின் யோபு நூலை மனத்திற்கொண்டு எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. இரண்டும் ஒரே உண்மையைத் தொடுகின்றன.

1972இல் வந்த மூன்றாம் நூலில் கெட் தலைமை வித்தகர். உலகெங்கும் மந்திரச் சொற்கள் மறந்துபோகின்றன. பாடகர் பாட்டை இழக்கின்றனர். டிராகன்களும் பேச்சை இழந்து ஒன்றையொன்று தின்கின்றன. சாவை வெல்ல விரும்பிய காப் என்னும் வித்தகன் உயிருக்கும் சாவுக்கும் இடையே திறந்துவைத்த கதவே இதற்குக் காரணம். கெட், லெபன்னன் என்னும் இளவரசனை உடன்கொண்டு இறந்தோரின் வறண்ட நாட்டுக்குள் சென்று அக்கதவை மூடுகிறார். மூடும்போது அவருடைய ஆற்றல் கடைசித் துளிவரை வற்றிவிடுகிறது. டிராகன்களில் மூத்ததாகிய கலெஸ்ஸின் இருவரையும் சுமந்து ரோக் தீவில் இறக்குகிறது. அங்கே ஆசான்களும் மாணவரும் காணத் தலைமை வித்தகர் அந்த இளைஞன்முன் முழந்தாளிட்டு, அவனை அரசன் என்று ஏற்றபின், பள்ளிக்குள் நுழையாமலே டிராகன்மீதேறித் தம் பிறந்த தீவுக்குப் போய்விடுகிறார். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தை நம் வாசகர் எண்ணாதிருக்க மாட்டார். எண்ணட்டும், ஆனால் அங்கே தம்மை வெறுமையாக்கியவர் அடிமையின் கோலம் எடுத்தார் என்பதோடு, கடவுள் அவரை உயர்த்தினார் என்பதும் உண்டு. கெட்டை எவரும் உயர்த்துவதில்லை.

இத்துடன் கதை நின்றிருந்தால், ஆற்றலைத் துறந்த ஒரு நல்ல தலைவரின் கதை என்று பாராட்டிவிட்டு நூலை மூடியிருப்போம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், லெ குவின் நான்காம் நூலை எழுதினார். தெஹானு என்னும் அந்நூல் முதல் மூன்றையும் நியாயத்தீர்ப்பில் நிறுத்துகிறது. அதற்கு முன்னர் நாம் கவனியாது கடந்த ஒன்றைப் பெண் மாணவர் ஒருவர் நமக்குச் சுட்டினார். ரோக் பள்ளியில் பெண்களே இல்லை. முதல் நூலின் தொடக்கத்திலேயே பெண்டிரின் வித்தையை இழிவாகப் பேசும் ஊர்ப் பழமொழிகள் வருகின்றன. ஆசிரியர் அவற்றை மறுக்காமல் போகிறார். அதை நாம் இருமுறை படித்தும் நம் கண்ணில் படவில்லை. அம்மாணவர் முதல் வாசிப்பிலேயே கண்டார். நம் சபைகளில் பெண்களுக்குத் திருநிலைப்பாடு வழங்குவது பற்றி எழுந்த வாதங்களின்போது வாக்களிக்கும் இடத்தில் எவர் அமர்ந்திருந்தனர், எவர் வெளியே நின்றனர் என்பதை அவர் அப்போது கேட்டார். நாம் விடை கூறவில்லை. லெ குவினும் தம் குறையை மறைக்கவில்லை. வீரகதை மரபை ஆண்கள் எழுதியபடியே தாமும் பின்பற்றியதாக, 1993இல் அச்சான உரையொன்றில் ஒப்புக்கொண்டார்.

நான்காம் நூலில் கெட், பிணம்போல் கலெஸ்ஸினின் முதுகில் வந்து சேர்கிறார். அவரை ஏற்றுப் பேணுபவள் டெனார். இப்போது அவள் நடுவயதுக் கைம்பெண். அவள் வீட்டில் தெர்ரு என்னும் சிறுமி. பெற்றோரே கொடுமை செய்து தீயில் எறிந்தமையால் முகத்தின் ஒரு பாதியும் ஒரு கையும் கருகியவள். தலைமை வித்தகராயிருந்தவர் வெட்கத்தால் ஒளிந்துகொள்கிறார். மலைக்கு ஓடி ஆடு மேய்க்கிறார். ஆற்றலைத் துறப்பது முந்திய நூலின் இறுதியில் எவ்வளவு மாட்சியாகத் தோன்றியது! துறந்தபின் வரும் திங்கட்கிழமை எப்படியிருக்கும் என்பதை இந்நூலே காட்டுகிறது. ஓய்வுபெற்ற ஆயர்கள் பலரை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவரேனும் இப்பக்கங்களைப் படித்துத் தம்மைக் காண்பார்.

இதே நூலில் பள்ளியைப் பற்றிய ஒரு காட்சி. ஆசான்கள் புதிய தலைமை வித்தகரைத் தேர்ந்தெடுக்கக் கூடினர். தோப்பில் வாழும் ஆசானின் வாயில், காண்ட் தீவில் ஒரு பெண் என்னும் பொருள்பட ஒரு சொல் மட்டும் வந்தது. காற்றை ஆளும் ஆசான் அதன் பொருளைத் தேடி அலைகிறார். அரசனின் கப்பலிலே அவர் டெனாருடன் அமர்ந்து உரையாடுகிறார். அந்தப் பெண் தேடப்படும் ஆண்மகனைக் காட்டிக்கொடுப்பவளாக இருக்கலாம், அவனுடைய தாயாகவோ தமக்கையாகவோ இருக்கலாம் என்றெல்லாம் எண்ணுகிறார். அவளே தலைவியாக இருக்கலாம் என்னும் நினைவு அவருக்கு வருவதேயில்லை. நல்லவர், பணிவுடையவர், கற்றவர். கேட்டது முழுவதையும் கேட்டார். பொருளை மட்டும் விட்டுவிட்டார். விளக்கவுரை கற்பிக்கும் நம்மனோர்க்கு இதைவிடக் கூரிய அங்கதம் வேண்டுவதில்லை.

நூலின் முடிவில், வித்தகன் ஒருவன் டெனாரையும் கெட்டையும் கட்டிவைத்து மலைமுகட்டில் கொல்ல முனையும்போது, கருகிய சிறுமி படைப்பு மொழியில் கலெஸ்ஸினை அழைக்கிறாள். எவரும் அவளுக்கு அம்மொழியைக் கற்பிக்கவில்லை. கலெஸ்ஸின் அவளைத் தெஹானு என்று பெயர்சொல்லித் தன் மகளாக ஏற்கிறது. ஒன்பது ஆசான்கள் வாழ்நாள் முழுதும் பயின்றது, அவர்கள் வாயிலில் நுழைய இயலாத ஒரு குழந்தையிடம் இயல்பாகவே இருந்தது.

பெண்ணியக் கொள்கையைத் திணித்துப் பழைய கதையைக் கெடுத்துவிட்டார் என்று இந்நூலைக் குறைகூறினோர் உண்டு. அவர்களோடு நாம் ஒரு சிறு அளவில் உடன்படுகிறோம்: சில உரையாடல்களில் மாந்தரைவிட ஆசிரியரே அதிகம் பேசுகிறார். மற்றபடி அக்குற்றச்சாட்டு நிற்காது. ஒரு பள்ளி எதனைத் தன் தூய்மை என்று கருதுகிறதோ அதையே சோதித்துப் பார்க்கும் உரிமை அதைக் கட்டியவர்க்கு இல்லையெனில் வேறெவர்க்கு உண்டு?

சோதனை அத்துடன் நிற்கவில்லை. 1998இல் வெளிவந்த ஒரு நெடுங்கதையில், இரியன் என்னும் இளம்பெண் ஆண்வேடத்தில் ரோக் வாயிலுக்கு வருகிறாள். வாயிற்காவலர் அறிந்தே அவளை உள்ளே விடுகிறார். பள்ளி இரண்டுபடுகிறது. இறந்தோரை அழைக்கும் ஆசானாகிய தோரியன், சாவுக்குள் சென்று திரும்பி வந்தவர், தலைமைப் பதவியைக் கைக்கொள்ள முனைகிறார். அவளை வெளியேற்ற வேண்டும் என்கிறார். ரோக் குன்றின்மேல் எதுவும் தன் மெய்யுருவிலேயே தோன்றும். அங்கே இரியன் டிராகனாகிறாள். தோரியன் எலும்புக் குவியலாகிறார். பள்ளியின் தலைமையை வேண்டி நின்றவர் பிணம். வாயிலில் நிறுத்தப்பட்டவளோ அப்பள்ளி போற்றும் மொழிக்கே உரியவள். 2001இல் வந்த தொகுப்பில் மற்றொரு கதை, அப்பள்ளியை நிறுவியோருள் பெண்களே பலர் என்றும், பிற்காலத்தார் அதனை மறந்தனர் என்றும் கூறுகிறது. திருச்சபை வரலாறு கற்பிப்போர் இதனைப் படித்துத் தங்கள் பாடக்குறிப்புகளைச் சற்றுத் திருப்பிப் பார்க்கலாம்.

அதே ஆண்டில் வந்த இறுதி நெடுங்கதை, மற்றொரு காற்று என்று பொருள்படும் பெயருடையது. அங்கே பேருண்மை ஒன்று வெளியாகிறது. மனிதரும் டிராகன்களும் ஆதியில் ஒரே இனம். மனிதர் உடைமையையும், டிராகன்கள் விடுதலையையும் தெரிந்துகொண்டு பிரிந்தனர். பின்னர் வித்தகர்கள் தங்கள் பெயர் அழியாதிருக்கவேண்டுமென்று டிராகன்களின் மேற்கு நாட்டில் ஒரு பகுதியைக் கவர்ந்து சுவரெழுப்பினர். கவர்ந்த நிலமே காற்றும் விண்மீன் அசைவும் இன்றி வறண்டுபோய், இறந்தோரின் சிறையாயிற்று. அரசனும் வித்தகரும் டிராகன்களும் இறந்தோரும் கூடி அச்சுவரை இடிக்கின்றனர். பெண்களை வெளியே நிறுத்திய சுவரும் சாவை வெல்ல எழுப்பிய சுவரும் வேறல்ல என்பது ஆசிரியரின் கருத்து. தன் பெயரைக் காத்துக்கொள்ள விரும்பும் கல்வி பிறரை வெளியே தள்ளும். பின்பு தன் இறந்தோரையும் வறட்சியில் அடைக்கும். இக்கருத்தின் ஆழத்தை நாம் மனமுவந்து ஏற்கிறோம்.

ஏற்க இயலாதவை இரண்டு உள. இறந்தோர் சுவரைக் கடந்து ஒளியிலும் காற்றிலும் கரைந்துவிடுகின்றனர். அவர்களுக்கு அதுவே விடுதலை. பெயரைப் பற்றி ஆறு நூல்கள் எழுதியவர், முடிவில் பெயர் கரைந்துபோவதையே நன்மை என்கிறார். சிறைப்பட்ட பெயரைவிடக் கரைந்த பெயர் நல்லதே. ஆயினும் ஏசாயா 43:1இல் பெயர்சொல்லி அழைக்கப்படுவது, அழைக்கப்பட்டவன் தன் பெயரைத் தானே காத்துக்கொண்டதாலன்று, அழைப்பவர் மறவாதிருப்பதால். பெயரைப் பற்றிக்கொள்வது, பெயரைக் கரைத்துவிடுவது என்னும் இரண்டிற்கும் அப்பால் மூன்றாவதொரு வழி உண்டென்பது லெ குவினின் உலகத்தில் நினைக்கவும் இயலாதது. அழைப்பவர் அங்கே இல்லை. இதனை அவர்மீது குற்றமாகச் சாட்டவில்லை. அவர் ஏற்ற நெறி வேறு. ஆனால் இந்நூலை உயிர்த்தெழுதல் ஞாயிற்றுக்கு எடுத்துக்காட்டாக்க விரும்பும் இளம் ஆயர் இங்கே நின்று யோசிக்கவேண்டும்.

இரண்டாவது குறை நமக்கு இன்னும் அணுக்கமானது. சுவர் இடிந்தபின் தெஹானுவும் இரியனும் டிராகன்களாய்ப் பறந்து மனிதரைவிட்டே போய்விடுகின்றனர். ரோக் பள்ளிக்குத் தலைவர் இல்லை. கெட் தம் தீவில் டெனாருடன் முட்டைக்கோசு பயிரிடுகிறார். அழகிய முடிவு. ஆனால் மறுநாள் காலையில் பள்ளி வாயிலில் ஆட்டிடைச் சிறுமி ஒருத்தி வந்து நின்றால், அவளுக்குப் பெயர்களைக் கற்பிப்பவர் யார்? இரியன் ஆசானாகக்கூடிய வாய்ப்பு ஆசிரியரின் கையில் இருந்தது. வாயிலில் மறிக்கப்பட்டவள் அவ்வாயிலுக்குள் அமர்ந்து கற்பிப்பதை எழுதுவது, அவள் சிறகு விரித்துப் போவதை எழுதுவதைவிடக் கடினம். அக்கடினமான நூலை அவர் எழுதவில்லை. டிராகனோடு உரையாடச் சம்மதம் பெற்றவனே தலைவன் என்று இரண்டாம் நூலில் கூறியவர், உரையாடலே இல்லாத ஓர் உலகத்தை ஆறாம் நூலில் அமைதி என்று நமக்குக் கொடுத்துவிட்டார். நம் பெண் மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் உடன்படவில்லை. போக விரும்பியவளைப் போகவிடுவதும் ஒரு மரியாதை, எல்லா வாயிலிலும் அவள் வந்து பாடம் நடத்தவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் உடைமை எண்ணமே என்றார். அவர் கூற்றை நாம் இன்னும் சிந்தித்துக்கொண்டிருக்கிறோம்.

படிக்க விரும்புவோர் ஆறு நூல்களையும் வெளிவந்த வரிசையிலேயே படிப்பது நன்று. முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்வோர் பாதிக் கதையையே படித்தவராவர். நூலகத்திற்கு வாங்கும் பொறுப்பிலுள்ளோர் நான்காம் நூலில் சிறுமிக்கு நேர்ந்த கொடுமை பேசப்படுவதை நினைவிற்கொண்டு, அதனைச் சிறுவர் அடுக்கில் வைக்காதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஆங்கில நடை எளிது. பெயர்களை உச்சரிப்பதுதான் தொல்லை.